அரசியல் கலவாத இரண்டு நிமிடம்

மத்திய நியூ ஜெர்ஸித் தமிழ்ப் பண்பாட்டுக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து எதைப் பற்றியும் எந்தக் கருத்தும் சொன்னதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் தலைவர் ஜம்புநாதனே ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் இதைத்தான் முதல் சாதனையாக எடுத்துச் சொல்வார்.

"பக்கத்து ஸ்டேட்ல ரெண்டு சங்கம் உடைஞ்சு நாலாச்சு. ஏன்? கருத்து சொன்னாங்க. நாம சொல்லலை. அதனாலதான் முன்னூறு ஃபேமிலி ஒரே சாம்பாரைச் சாப்பிடறோம்."

அரங்கம் கைதட்டும். சாம்பார் நன்றாகவே இருக்கும்.

நானும் செயற்குழுவில் ஓர் உறுப்பினன்தான். காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி, குப்பைப் பை ஆகிய மூன்றும் என் துறை. இந்தத் துறைக்காரனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. ஆகவே நடந்ததை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க எனக்கு வாய்த்தது.

1983-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஜம்புநாதன் வீட்டு பேஸ்மென்டில் கூட்டம். அதற்கு நகுலேஸ்வரன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மருந்துக் கம்பெனி ஒன்றில் ஆய்வுக்கூட வேலை. அதிர்ந்து பேசாத மனிதர். ஜூலையில் கொழும்பில் நடந்த கொலைகளில் அவருடைய அண்ணன் வரதராஜா போய்விட்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததால், அவர் உள்ளே வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கடலை தின்றோம்.

"நான் பேச வரேல்லை," என்றார் நகுலேஸ்வரன். "பொங்கல் விழாவிலை எல்லாரும் ரெண்டு நிமிசம் எழும்பி நிண்டால் காணும். என்ர அண்ணைக்கும் அவரோடை செத்த சனத்துக்கும். வேற ஒண்டும் வேண்டாம்."

செயலாளர் பால்துரை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். திருநெல்வேலிக்காரர், கணக்காளர், நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர்.

"நகுல், உங்க ஃபீலிங் எங்களுக்குப் புரியுது. எங்க வீட்ல நியூஸ் கேட்டு எல்லாருமே அழுதுட்டோம். ஆனா பை-லா, அதான் நம்ம விதிமுறை, அதுல இருக்கே. கழகம் அரசியல்ல ஈடுபடாதுன்னு."

"சும்மா நிக்கிறது அரசியலோ?"

"அதான் ரொம்ப டேஞ்சரான அரசியல்," என்றார் ஜம்புநாதன். அவர் தொலைபேசி நிறுவனத்தில் பெரிய எஞ்சினியர். எதையும் பகுத்து விளக்குவார். "பேச்சுன்னா முன்னாடியே வாங்கிப் படிச்சு, ரெண்டு லைன் கட் பண்ணலாம். மௌனத்துல எதை கட் பண்றது? முன்னூறு ஃபேமிலி நிக்கறாங்க. உள்ளுக்குள்ள யாரு என்ன நினைக்கறாங்கன்னு கழகம் எப்படி கேரன்ட்டி குடுக்கும்?"

நகுலேஸ்வரன் சரியென்று எழுந்து போனார். கழகத்தில் புதியவர்களுக்கு அப்படித்தான் ஆகும். கேட்ட கேள்விக்கு வந்த பதிலை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்தால்தான், அது பதிலே இல்லை என்று தெரியும்.

மனிதாபிமானம் கருதி மௌன ஆய்வுத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது தீபாவளி முடிய உழைத்தது. மௌனத்தின்போது பின்னணியில் வீணை இசைக்கலாமா என்று ஆராய்ந்தது. அந்த ஆண்டு உலகெங்கும் காலமான அனைவருக்குமாக மௌனம் காத்தால் பாரபட்சம் இருக்காதே என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் தம் மாமியார் பெயரையும் சேர்க்கவேண்டும் என்றார் இன்னொருவர். அந்த மாமியார் போன மார்ச்சில் கும்பகோணத்தில் தூக்கத்திலேயே இறந்துபோனவர். கடைசியில் நகுலேஸ்வரனை மறுபடி கூப்பிட்டு, துணைக்குழு தன் சமரசத்தைச் சொன்னது: யாருக்காக என்று சொல்லாமல், உட்கார்ந்தபடியே, விருப்பமுள்ளவர்கள் மட்டும், உணவு இடைவேளையில் மௌனமாக இருக்கலாம்.

"சாப்பிடேக்கை எல்லாரும் மௌனமாத்தானே இருக்கினம்," என்றார் நகுலேஸ்வரன்.

"பாத்தீங்களா, அப்ப பிரச்சினையே இல்லை," என்றார் பால்துரை.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று சொல்வார்கள். எரிந்து முடிந்த வீட்டிலும் ஏதாவது தேறும் என்பதை எங்கள் கழகம் அடுத்த கூட்டத்தில் காட்டியது. பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தோம். வருடா வருடம் 'இல்லற இன்பத்துக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா' என்றே நடத்தி வந்ததில், விழா முடிந்து வீடு திரும்பும் கார்களில் பேச்சுவார்த்தை முறிந்து போய்க்கொண்டிருந்தது. ஆகையால் இந்தத் தடவை நமக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத விஷயமாக இருக்கவேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். டாக்டர் கஸ்தூரிரங்கன், தினமும் பேப்பரில் இஸ்ரேல், பாலஸ்தீனம், லெபனான் என்றுதானே வருகிறது, அதையே வைத்தால் என்ன என்றார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பத்து நிமிடத்தில் எதுகையோடு தலைப்பு தயார்.

'தாய்நாட்டு உரிமையைத் தருவது ஏடா? வீடா?'

அதாவது, முன்னோர் வாழ்ந்ததாகப் பழைய ஏட்டில் எழுதியிருந்தால் மண் சொந்தமா, பிறந்து வளர்ந்த வீடு அங்கே இருந்தால் மண் சொந்தமா. இரண்டாயிரம் வருடக் கதையும் முப்பத்தைந்து வருடச் சண்டையும் இரண்டே சொல்லில் அடங்கிவிட்ட மகிழ்ச்சியில் இன்னொரு ரவுண்டு காபி வந்தது.

"இது அரசியல் இல்லையோ?" என்று கேட்டார் நகுலேஸ்வரன். அவரை அன்றைக்கு ஆறுதலுக்காக அழைத்திருந்தார்கள்.

"நமக்குச் சம்பந்தம் இருந்தா அரசியல்," என்றார் ஜம்புநாதன் பொறுமையாக. "இல்லேன்னா பொது அறிவு."

ஆறுதல் என்ன என்பது பிறகு தெரிந்தது. மௌனம் தர முடியாத கழகம், அதற்குப் பதிலாக அவருக்குப் பட்டிமன்றத்தில் ஐந்து நிமிடம் பேச்சு தருகிறது. தூக்குப் பாத்திரத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். அவரவர் நம்பிக்கைக்கும் அவரவர் பக்கத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடாது என்பது பட்டிமன்ற தர்மம். வீட்டு அணிக்கு ஜலஜாவும் இன்னொருவரும் விழுந்தார்கள். ஏட்டு அணிக்குக் கஸ்தூரிரங்கன். நகுலேஸ்வரன் எடுத்த சீட்டிலும் ஏடு.

அவர் அந்தச் சீட்டை மேசைமேல் திரும்ப வைத்தார்.

"இதை மாத்தித் தாங்கோ. எங்களை அடிச்சவையும் இதைத்தானே சொல்லி அடிச்சவை. இந்தத் தீவு தங்களுக்கெண்டு பழைய ஏட்டிலை இருக்குதாம். அதை நான் எப்பிடி மேடையிலை ஏறிச் சொல்லுவன்?"

மரபு தெரியாமல் மாற்றக்கூடாது என்று, நடுவருக்கே போன் போட்டார்கள். நடுவர், சொல்வேந்தர் நல்லமுத்தனார். சென்னையிலிருந்து எடிசனில் மகள் வீட்டுக்கு வந்தவர். வந்த இடத்தில் குளிர் தாங்காமல் வெளியே போகவும் முடியாமல், தீர்ப்புச் சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று காத்திருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் பேஸ்மென்ட் முழுக்கக் கேட்டது.

"நம்பிக்கை இருக்கிற பக்கம் பேசுறவன் கட்சிக்காரன். நம்பிக்கை இல்லாத பக்கம் பேசுறவன்தான் பேச்சாளன். தம்பிக்கு நல்ல வாய்ப்பு. விட்டுடக் கூடாது."

நகுலேஸ்வரன் எழுந்து போயே இருப்பார். வாசல்வரை போனவரை ஜம்புநாதன் தோளில் கைபோட்டு நிறுத்தினார்.

"நகுல், உங்களுக்கு யூதர் யாராவது தெரியுமா? நல்லவரா, வயசானவரா? அப்புறம் ஒரு பாலஸ்தீனியர். சீஃப் கெஸ்ட்டா ரெண்டு சாம்பிள் இருந்தா விழா லெவலே வேற ஆயிடும். நீங்க அரேஞ்ச் பண்ணுங்க. தீர்ப்புக்கு அப்புறம், நன்றியுரைக்கு முன்னாடி, டைம் இருந்தா உங்க ரெண்டு நிமிஷத்தை நானே அனவுன்ஸ் பண்றேன். நின்னுக்கிட்டே. பேரும் சொல்லலாம்."

அந்தப் 'பேரும் சொல்லலாம்' என்ற இரண்டு சொல்லுக்காக அவர் சம்மதித்தார்.

அவருக்கு இருவரையும் தெரியும். ஹைலண்ட் பார்க்கில் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி மிஸஸ் லெவின், போலந்தில் பிறந்து, போரில் எல்லோரையும் இழந்து, ஒரு தங்கை மட்டும் மிஞ்சி, அமெரிக்கா வந்தவர். அண்ணன் செய்தி வந்த அன்று, ஒன்றும் கேட்காமல் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர் அவர்தான். யூசுப் நகுலேஸ்வரனுடன் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். ஹைஃபாவில் பிறந்து, கைக்குழந்தையாகப் படகில் ஏற்றப்பட்டு, பெய்ரூட்டில் வளர்ந்தவர். ஜூலைக்குப் பிறகு ஒரு மாதம் நகுலேஸ்வரனின் இரவு முறை வேலையைத் தானே செய்தவர். இருவரும் அவருக்காக வர ஒத்துக்கொண்டார்கள். தலைப்பை மட்டும் அவர் சொல்லவில்லை.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். நியூ ஜெர்ஸியில் தை பிறந்தால் வழி அடைத்துக்கொள்ளும். விழா நாளன்று பனி கொட்டியது. நகுலேஸ்வரன் பனியில் ஓட்டுவதை நம்பாத மிஸஸ் லெவின், தன் பழைய பியூக் காரைத் தானே எடுத்தார். அவர் பக்கத்தில் நகுலேஸ்வரன், பின்னால் யூசுப். ரூட் எய்ட்டீனில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, யூசுப் இன்றைய விவாதம் எதைப் பற்றி என்று கேட்டார். நகுலேஸ்வரன் ஆங்கிலத்தில் சொன்னார். வண்டிக்குள் நடந்ததை அவர் பிற்பாடு என்னிடம் சொன்னபடி எழுதுகிறேன்.

"ஏடா?" என்றார் மிஸஸ் லெவின். "என் அப்பா தையற்காரர். கோயில் பக்கம் போகாதவர். எங்கள் வீட்டில் ஏடு எதுவும் இருந்ததில்லை. போர் முடிந்து முகாமில் கிடந்தோம். எந்த நாடும் எங்களை எடுக்கத் தயாராக இல்லை. எனக்கு மூன்று வருடம் கழித்து இந்த நாடு கதவைத் திறந்தது. என் தங்கைக்கு அந்த நாடு. அவள் ஏட்டைப் பார்த்துப் போகவில்லை. திறந்த கதவைப் பார்த்துப் போனாள்."

"அவர் நுழைந்த கதவு எங்கள் கதவு," என்றார் யூசுப்.

"அதற்கு அவள் எங்கே போயிருக்க வேண்டும், சொல்லு."

"எனக்குத் தெரியாது. போரில் உங்களைக் கொன்றவர்கள் நாங்கள் இல்லை. பிறகு ஏன் அந்தக் கணக்கு எங்கள் வாசலில் வந்து தீர்ந்தது என்றுதான் நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் தங்கை எந்த ஊரில் இருக்கிறார்?"

"ஹைஃபா."

"எந்தத் தெரு?"

மிஸஸ் லெவின் வைப்பரின் வேகத்தைக் கூட்டினார். "சொல்ல மாட்டேன்," என்றார்.

விழா நடக்கும் பள்ளிக்கூட அரங்கம் வந்துவிட்டது.

வாசலில் அவர்கள் இருவருக்கும் சந்தனம் பூசி, ரோஸ் ரிப்பன் வைத்த பேட்ஜ் குத்தினார்கள். முதல் வரிசையில் நகுலேஸ்வரன் நடுவில், இரு பக்கமும் அவர்கள். மொழிபெயர்ப்பு அவர் பொறுப்பு. ஜம்புநாதன் மைக்கைப் பிடித்தார்.

"இவங்க யூதர். இவர் பாலஸ்தீனியர். ரெண்டு பேரும் இன்னிக்கு ஒரே ரோவில உக்காந்திருக்காங்க. ஐ.நா. சபையால முடியாததை நம்ம ஹாஸ்பிடாலிட்டி கமிட்டி முடிச்சுக் காட்டியிருக்கு. இதுல கழகம் யார் பக்கம்னு கேக்கறாங்க. கழகம் எந்தப் பக்கமும் சாயாது. ஒரு பக்கம் சாயணும்னா அதைப் பத்திப் படிக்கணும். நாமெல்லாம் வேலைக்குப் போறவங்க."

நல்லமுத்தனார் பட்டுச் சால்வைக்கு மேல் மருமகனின் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு நடுவர் நாற்காலியில் அமர்ந்தார். முன்னுரையில் தம் பெருமையையும் அடக்கமாகவே சொன்னார்.

"நாப்பது வருஷமா தீர்ப்புச் சொல்றேன். நான் தீர்ப்புச் சொல்லி எவனுக்கும் ஒரு செண்டு நிலம் கிடைச்சதில்லை. எவனுக்கும் போனதுமில்லை. நீதிபதிக்கு இருக்கிற பாவம் எனக்கில்லை. அதனாலதான் ராத்திரி நல்லாத் தூங்கறேன்."

வீட்டு அணியின் இன்னொரு பேச்சாளர் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் பனியில் மாட்டிக்கொண்டதால், ஜலஜாவுக்கு இரட்டிப்பு நேரம் கிடைத்தது. வங்கியில் வேலை பார்க்கும் கெட்டிக்காரப் பெண். எடுத்த எடுப்பில் அரங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டார்.

"நடுவர் அவர்களே, நாங்க எடிசன்ல வீடு வாங்கி மூணு வருஷம்தான் ஆச்சு. நாளைக்கு ஒருத்தர் பழைய ஏட்டைத் தூக்கிட்டு வந்து இது எங்க தாத்தாவோட தாத்தா இடம்னா, எந்திரிச்சுப் போயிடுவோமா? மார்ட்கேஜ் யாரு கட்டறது?" சிரிப்பு. "ஆனா அவங்க லேசுப்பட்டவங்க இல்லை. நம்ம ஊர் வட்டிக்கடைக்காரரைப் பாத்திருக்கீங்கல்ல? முதல்ல மோதிரம், அப்புறம் குத்துவிளக்கு, கடைசில வீட்டையே எழுதி வாங்கிடுவார். அதே குலம்தான், அதே மூக்குதான்."

அரங்கமே அதிர்ந்தது. பின் வரிசையில் விசில்கூடக் கேட்டது.

"எதற்கு இவ்வளவு சிரிப்பு?" என்று கேட்டார் மிஸஸ் லெவின்.

நகுலேஸ்வரன் தடுமாறினார். "வட்டி பற்றி ஒரு... மொழிபெயர்ப்பது கொஞ்சம் கஷ்டம்."

"வேண்டாம்," என்றார் அவர். "இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இதுவரை நான்கு மொழிகளில் கேட்டிருக்கிறேன். இது ஐந்தாவது."

யூசுப் குனிந்து, "அந்தப் பெண் பேசுவது என் பக்கத்துக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "இது எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிடு," என்றார். யாரிடம் சொல்வது என்று நகுலேஸ்வரனுக்குத் தெரியவில்லை.

அடுத்து ஏட்டு அணிக்காகக் கஸ்தூரிரங்கன். ஊரில் கல்லூரி நாடகங்களில் நடித்தவர். "நடுவர் அவர்களே, ஏடு தெரிஞ்சவன் வர்றதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு? மணல். ஒரு கூடாரம். ஒரு ஒட்டகம்," என்று சொல்லி, கழுத்தை நீட்டி, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒட்டகமாக நடந்து காட்டினார். குழந்தைகள் மறுபடி நடக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவரும் மறுபடி நடந்தார்.

"அது என்ன?" என்றார் யூசுப்.

"ஒட்டகம்."

யூசுப் மேடையிலிருந்து பார்வையைத் திருப்பினார். "என் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்," என்றார். மிஸஸ் லெவின் எல்லோரும் கைதட்டியபோது கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

நகுலேஸ்வரன் முறை வருவதற்குச் சற்று முன்னால், பால்துரை முதுகை வளைத்துக்கொண்டு வந்து அவர் காதருகில் உட்கார்ந்தார்.

"நகுல், தப்பா நினைக்காதீங்க. ஷெட்யூல் லேட் ஆயிடுச்சு. சாம்பார் ஆறுது. உங்க மௌனத்தை நெக்ஸ்ட் இயர் ஃபர்ஸ்ட் ஐட்டமா வச்சுக்கலாம். தலைவரே சொல்லச் சொன்னார்."

நகுலேஸ்வரன் தலையாட்டினார். பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார். கையில் குறிப்பு எதுவும் இல்லை.

"எனக்கு விழுந்தது ஏடு," என்றார். "போன ஆடியிலை எங்களை அடிக்க வந்தவையும் ஏட்டைத்தான் சொன்னவை. வந்தவை எல்லாருக்கும் அந்த ஏடு வாசிக்கத் தெரியுமோ எனக்குத் தெரியாது. ஆரார் எந்த வீடு எண்ட விவரம் மட்டும் வடிவாத் தெரிஞ்சிருந்தது. என்ர அண்ணை வரதராஜா வெள்ளவத்தையிலை வாடகைக்கு இருந்தவர். அவருக்கு அங்கை சொந்த வீடும் இல்லை, ஏடும் இல்லை. வேலைதான் இருந்தது. ஆனபடியா எனக்கு இந்தப் பக்கமும் பேச ஏலாது, அந்தப் பக்கமும் பேச ஏலாது. என்ர மிச்ச நேரத்துக்கு நான் சும்மா நிக்கிறன்."

நின்றார்.

கைகளை முன்னால் கோத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றார். முதலில் எல்லோரும் அவர் பேச்சை மறந்துவிட்டார் என்றே நினைத்தோம். நடுவர் 'உம், சொல்லுங்க தம்பி' என்பதுபோலக் கையை அசைத்தார். யாரோ அனுதாபத்தோடு தண்ணீர் டம்ளரை மேடைக்கு அனுப்பினார்கள். எனக்கு மட்டும் விளங்கியது என்று சொன்னால் அது பொய். முதலில் விளங்கியது, தமிழே தெரியாத இருவருக்குத்தான். மிஸஸ் லெவின் பக்கத்துக் காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்து முடிப்பதற்குள் யூசுப்பும் எழுந்துவிட்டார். இருவரும் மேடையைப் பார்த்தபடி, நடுவில் ஒரு காலி நாற்காலியோடு நின்றார்கள்.

இங்கேதான் எங்கள் கழகத்தார் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தோம். எங்கள் விழாக்களில் சிறப்பு விருந்தினர் எழுந்தால் ஒரே அர்த்தம்தான். தேசிய கீதம். முடிந்துவிட்டது, இனி சாப்பாடு. இரண்டாவது வரிசை எழுந்தது. மூன்றாவது எழுந்தது. தூங்கும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கோட்டுகளை எடுத்துக்கொண்டு, முன்னூறு குடும்பமும் எழுந்து நின்றது. உண்மையைச் சொல்லவேண்டும். அப்போது சில வினாடிகள் அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். நகுலேஸ்வரன் தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தார். கேட்டது கிடைத்துவிட்டது என்று அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன். முகம் அப்படித்தான் இருந்தது.

ஒலி அமைப்பைப் பார்த்துக்கொண்ட ரூஃபஸ் பதறிப்போனார். எல்லோரும் நிற்கிறார்கள், பாட்டு வரவில்லை, பழி தன் தலையில்தான் விழும். கையில் அகப்பட்ட கேசட்டைப் போட்டு அமுக்கினார். அமெரிக்க தேசிய கீதம் முழு பாண்டு வாத்தியத்தோடு நடுவிலிருந்து கிளம்பியது. எல்லோரும் நெஞ்சில் கைவைத்தார்கள். அது முடிந்ததும், அமெரிக்க கீதம் மட்டும் போட்டால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடுமே என்று, தலைவர் சைகை காட்ட, இந்திய தேசிய கீதமும் ஒலித்தது. இதற்கு எல்லோரும் வாய்விட்டுப் பாடினோம். நன்றாகப் பாடினோம். இரண்டு நாட்டுப் பாட்டுக்கும் நகுலேஸ்வரன் மேடையில் அதே இடத்தில் நின்றார். இறங்கவும் முடியாது. தேசிய கீதத்தின்போது அசைவது மரியாதை இல்லை.

பாட்டு ஓய்ந்ததும் ஜம்புநாதன் மேடையேறி அவர் முதுகைத் தட்டினார். "பியூட்டிஃபுல் ஃபினிஷ், நகுல். ரூஃபஸ்கிட்ட ஸ்ரீலங்கா ஆந்தம் இருந்திருந்தா அதையும் உங்களுக்காகப் போட்டிருக்கலாம். நெக்ஸ்ட் இயர் கேசட் வாங்கிடுவோம்."

நகுலேஸ்வரன் அவரைப் பார்த்தார். பிறகு கீழே இறங்கினார். நெருப்பு வைத்தவர்களும் பாடுகிற பாட்டு அது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அரசியல் ஆகியிருக்கும்.

சாப்பாட்டுக்கு நகர்ந்த கூட்டத்தை நல்லமுத்தனார் மேசைமணியை அடித்து உட்காரவைத்தார். தீர்ப்பு இல்லாமல் ஒரு பட்டிமன்றத்தை விட்டுவிட அவர் மனம் இடம் கொடுக்கவில்லை.

"தம்பி நகுலேஸ்வரன் வாதம் எதுவும் வைக்காததாலே அவருக்குப் புள்ளி இல்லை. ஏடும் வீடும் வண்டிக்கு ரெண்டு சக்கரம் மாதிரி. ஆனா வண்டி யாருது? பழைய காலத்துல சாலமன் மன்னனோட கப்பல்ல மயில் போச்சு. எங்கேருந்து போச்சு? நம்ம கரையிலேருந்து. அந்த மயிலுக்கு அவங்க மொழியில இருக்கிற பேரே நம்ம தோகைங்கிற சொல்தான்னு அறிஞர்கள் சொல்றாங்க. அப்படின்னா யூதருக்கும் முன்னே, அரபிக்கும் முன்னே, அந்த மண்ணுல போய் இறங்கினது யாரு? தமிழ் மயில். அதனால அந்த மண்ணுக்கு மூத்த உரிமை நமக்கே. பெருந்தன்மையா அதை நாம ரெண்டு பேருக்கும் விட்டுக்குடுக்கறோம்."

அன்றைக்கு விழுந்த கைதட்டலிலேயே பெரியது அதுதான். தமக்குச் சொந்தமில்லாததை விட்டுக்கொடுப்பதில் எங்கள் ஆட்களுக்கு இணை கிடையாது. ஜலஜாவும் கஸ்தூரிரங்கனும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"யார் ஜெயித்தது?" என்று கேட்டார் மிஸஸ் லெவின்.

"ஒரு மயில்," என்றார் நகுலேஸ்வரன்.

மிஸஸ் லெவினும் யூசுப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து நின்றதற்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போனது இந்தப் பார்வையில்தான். சாப்பிடாமல் கிளம்பினார்கள். நான் மூன்று காகிதத் தட்டில் பொங்கல் வைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர்கள் அதற்குள் கதவைத் தாண்டிவிட்டார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. பனி விட்டபாடில்லை.

காரில் ஏறி இஞ்சினைப் போட்ட மிஸஸ் லெவின் உடனே எடுக்கவில்லை.

"மேடையில் நீ செய்தது உன் அண்ணனுக்காகத்தானே?"

"ஆமாம்."

"எவ்வளவு நேரம் கேட்டிருந்தாய்?"

"இரண்டு நிமிடம்."

"எவ்வளவு கிடைத்தது?"

நகுலேஸ்வரன் கையை விரித்தார். பின் இருக்கையிலிருந்து யூசுப், "அவர் பெயர் வரதராஜா," என்றார். "மேடையில் எனக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான்." உச்சரிப்பு கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது.

மிஸஸ் லெவின் இஞ்சினை அணைத்தார். ஹீட்டரும் நின்றது. "நாளைக்கு உன்னோடு மறுபடி சண்டை போடுவேன்," என்று பின்பக்கம் திரும்பாமலே யூசுப்பிடம் சொன்னார். "நானும்," என்றார் யூசுப். பிறகு மூவரும் பேசவில்லை. கண்ணாடியில் பனி மூடிக்கொண்டு வந்தது.

ஜன்னலில் யாரோ தட்டினார்கள்.

பால்துரை. ஓவர்கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்திருந்தார். தட்டுகளோடு வாசலில் நின்ற எனக்கு அவர் முதுகு தெரிந்தது. மிஸஸ் லெவின் கண்ணாடியை இறக்கினார்.

"சாரி மேடம், சாரி நகுல். அந்த ரெண்டு பேட்ஜ். ரிட்டர்னபிள். நெக்ஸ்ட் இயர் கெஸ்ட்டுக்கு வேணும்."

மிஸஸ் லெவின் ரோஸ் ரிப்பனைக் கழற்றினார். யூசுப் தன்னுடையதைக் கழற்றி முன்னால் நீட்டினார். ஊசி குத்தாமல் இருக்க இரண்டையும் ஒன்றாக மடித்து, நகுலேஸ்வரன் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பால்துரை எண்ணிப் பார்த்துக்கொண்டு, "அரசியல் பேசாம அழகா முடிச்சிட்டீங்க, நகுல். எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினார்.

மிஸஸ் லெவின் கண்ணாடியை மேலே ஏற்றினார். உள்ளே விழுந்திருந்த பனியை மடியிலிருந்து தட்டிவிட்டார்.

"முதலிலிருந்து," என்றார்.

இந்தத் தடவை யாரும் பாட்டுப் போடவில்லை.